சனிக்கிழமைக் கூலியும் கடைவீதிக் கல்லாவும்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் சாலையில் ஆமத்தூரில் இறங்கி ஒரு டீ குடித்தால், வியாபாரம் பற்றித் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. சுற்றிலும் கரிசல் காடு. காட்டுக்கு நடுவே, ஒன்றையொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு ஆலை அறைகள். காலையில் ஆலை வண்டிகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும், மாலையில் கொண்டுவந்து விடும். கூலி வாரக் கூலி, பட்டுவாடா சனிக்கிழமை. அதனால் இங்கே கடை வைத்திருப்பவர்களுக்கு வாரம் சனிக்கிழமை சாயந்திரம்தான் பிறக்கிறது. மளிகைப் பாக்கி அடைவது அன்றைக்கு. கறி எடுப்பது மறுநாள். பிள்ளைக்குச் செருப்போ சட்டையோ வாங்குவதென்றால் அதுவும் அந்த இரண்டு நாளுக்குள்தான்.

இங்கே கடை போட நினைக்கும் ஒரு தம்பி டீக்கடையில் கேட்டார்: “அண்ணாச்சி, டிவியில பொருளாதார மந்தம், மந்தம்னு சொல்றாங்களே. நம்ம கடைவீதிக்கு அது எந்த வழியா வரும்? வந்தா என்ன செய்யணும்?” கடை போடுவதற்கு முன்பே இதைக் கேட்கிறவர் பிழைத்துக்கொள்வார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நாட்டின் மொத்த உற்பத்தி தொடர்ந்து இரண்டு காலாண்டு சுருங்கினால் அது மந்தம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. 2020-ல் ஊரடங்கு போட்ட பிறகு, ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் இந்தியாவின் உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு பார்த்தால் ஏறத்தாழக் கால்வாசி சுருங்கியது. அடுத்த காலாண்டிலும் சுருக்கம்தான். இந்தக் கணக்கு வெளிவருவது காலாண்டு முடிந்து இரண்டு மாதம் கழித்து. கடைக்காரருக்கு அவ்வளவு நாள் வேண்டியதில்லை. அரைக் கிலோ பருப்பு கேட்டவர் கால் கிலோ கேட்கிறார். பெரிய சோப்பு எடுத்தவர் சின்ன சோப்பை எடுக்கிறார். சனிக்கிழமை வந்து, “பாக்கியை அடுத்த வாரம் சேர்த்துத் தந்துடுறேன் அண்ணாச்சி” என்கிறார். இந்த மூன்றும் ஒரே மாதத்தில் நடந்தால் மந்தம் வாசலுக்கு வந்துவிட்டது.

எங்கள் பக்கத்துக்கு அது வருகிற வழி சில சமயம் தனி. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் உத்தரவு போட்டது. பேரியம் உப்பு சேர்க்கக் கூடாது, சரவெடி கூடாது, புகையும் சத்தமும் குறைந்த பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம், இணையத்தில் விற்கக் கூடாது, தீபாவளியன்று இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 6. இடையில் இருந்தது இரண்டே வாரம். பேரியம் நைட்ரேட் இல்லாமல் என்ன மருந்துக் கலவை போடுவது, எதைச் செய்தால் சட்டப்படி விற்கலாம் என்று பெரும்பாலான ஆலைகளுக்குப் பிடிபடவில்லை. தீபாவளி முடிந்ததும் பூஜை போட்டு அடுத்த ஆண்டு வேலையைத் தொடங்க வேண்டியவர்கள் ஆலைகளை மூடிப் போட்டார்கள். மீண்டும் திறந்தது 2019 மார்ச்சில். நாலு மாதம் கூலி இல்லை.

அந்த வழக்கு 2015-ல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் தொடுக்கப்பட்டது. அந்தப் பிள்ளைகளின் மூச்சைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் தீர்ப்பின் சுமை எந்தக் கடைவாசலில் வந்து இறங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். நாட்டில் விற்கும் பட்டாசில் மிகப் பெரும் பங்கு எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் செய்வது. ஆலை மூடினால் ஆலை முதலாளிக்கு நஷ்டம், தொழிலாளிக்குப் பட்டினி என்று செய்தியில் வரும். அந்தத் தொழிலாளிக்குச் சனிக்கிழமை தோறும் அரிசி நிறுத்துக் கொடுத்தவரைப் பற்றி ஒரு வரியும் வராது. 2020-ல் கொரோனாவோடு சேர்ந்து டெல்லி, ராஜஸ்தான், ஒடிசா என்று ஒவ்வொன்றாகப் பட்டாசுக்குத் தடை வந்தது. 2021 அக்டோபர் 29 அன்று பேரியம், சரவெடித் தடையை உச்ச நீதிமன்றம் மறுபடி அழுத்திச் சொன்னது. ஆக, இந்தக் கடைவீதிகள் மூன்று நாலு ஆண்டுக்குள் அடுத்தடுத்து அடி வாங்கியவை. இழந்த மாதங்களை ஈடுகட்ட ஆலைகளில் அவசரம் காட்டினால் அது உயிரை எடுக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அது தனியாக எழுத வேண்டிய துயரம்.

கூலி நின்றால் கடைகள் அடி வாங்குவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் ஜவுளி, பாத்திரம், செல்போன், ஃபேன்சி ஸ்டோர். இவற்றை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட முடியும். அடுத்தது ஓட்டல், பேக்கரி. பிறகு டீக்கடை. ஐந்து டீ குடித்தவர் இரண்டு குடிக்கிறார். மளிகையும் காய்கறியும் கடைசியில்தான் குறையும், அதுவும் அளவில் குறையும், அடியோடு நிற்காது. மருந்துக்கடை கிட்டத்தட்ட அப்படியே ஓடும். சில தொழில்கள் மந்தத்தில் கூடவும் செய்யும். கிழிந்ததைத் தைத்துக் கொடுக்கும் டெய்லர், செருப்பு தைப்பவர், பழைய மிக்ஸியைச் சரி செய்பவர், செல்போன் டிஸ்பிளே மாற்றுகிறவர், நகை அடகுக் கடை. கடை போடப் போகிற தம்பிக்கு நான் சொன்ன முதல் விஷயம் இதுதான்: நீங்கள் விற்கப் போவது தள்ளிப் போடக்கூடிய பொருளா, தள்ளிப் போட முடியாத பொருளா என்று பாருங்கள். தள்ளிப் போடக்கூடியது என்றால் அதன் பக்கத்திலேயே ரிப்பேர் வேலை ஒன்றையும் வையுங்கள். செருப்புக் கடையில் ஓரமாக ஒரு தையல் மிஷின் கிடக்கட்டும்.

அடுத்து விற்பனைக்கும் வருமானத்துக்கும் உள்ள உறவு. இதைப் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 10,000 ரூபாய் விற்பனை, மாதம் 3 லட்சம். நூற்றுக்கு 15 ரூபாய் லாபம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 45,000. இதில் வாடகை 8,000, கடைப் பையன் சம்பளம் 12,000, கரண்ட் 2,500, வட்டி 7,500. ஆக 30,000 போய்விடும், வீட்டுக்கு 15,000. இப்போது விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மாதம் 2,40,000. லாபம் 36,000. செலவு அதே 30,000. வீட்டுக்கு 6,000. விற்பனை குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு, வீட்டு வருமானம் குறைந்தது ஐந்தில் மூன்று பங்கு. விற்பனை மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் வீட்டுக்கு ஒரு பைசா கிடையாது. வாடகையும் சம்பளமும் வட்டியும் ஊர் நிலைமையைப் பார்த்துக் குறைவதில்லை, அதனால் இப்படி ஆகிறது.

ஆகையால் மந்தம் தெரிந்த முதல் மாதமே கட்டட உரிமையாளரிடம் போய்ப் பேச வேண்டும். வாடகையை அடியோடு விடச் சொல்லிக் கேட்காதீர்கள். ஆறு மாதத்துக்குப் பாதியாகக் குறையுங்கள், நிலைமை சரியானதும் மீதியைச் சேர்த்துத் தருகிறேன் என்று கேளுங்கள். இந்த மாதிரி ஊரில் பூட்டிய கடைக்கு மந்த காலத்தில் வேறு ஆள் வர மாட்டார், அது அவருக்கும் தெரியும். கடைப் பையனை நிறுத்துவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நான் அதைக் கடைசியில் வைப்பேன். எந்த வீட்டுக்கு எந்த அரிசி, யார் பாக்கியைச் சரியாகக் கொடுப்பார், யாரிடம் மூன்று தரம் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர் அவர். அந்தப் பையனும் ஏதோ ஒரு கடையின் வாடிக்கையாளர்தான்.

“விலையைக் குறைச்சா கூட்டம் வராதா அண்ணாச்சி?” என்றார் தம்பி. வரும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். 85 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்கும் பொருளை 95-க்கு விற்றால், 15 ரூபாய் லாபம் 10 ஆகிறது. பழைய லாபத்தை எடுக்க ஒன்றரை மடங்கு சரக்கு விற்க வேண்டும். கையில் காசில்லாத ஊரில் யார் ஒன்றரை மடங்கு பருப்பு வாங்குவார்? பக்கத்துக் கடைக்காரரும் மறுநாளே 94-க்கு விற்பார். இரண்டு பேரும் சேர்ந்து ஒருவரையொருவர் முடித்துக்கொள்வார்கள். எங்கள் சாலையோரப் பட்டாசுக் கடைகளில் 50, 70, 80 சதவீதத் தள்ளுபடி என்று போர்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தள்ளுபடி கொடுப்பதற்காகவே பட்டியலில் விலையை ஏற்றி அச்சடிக்கிற நிலைக்கு அந்த வியாபாரம் வந்துவிட்டது. பட்டியல் விலையை இன்றைக்கு யாரும் விலையாகவே எடுத்துக்கொள்வதில்லை. இது மளிகைக்கும் ஜவுளிக்கும் வந்துவிடக் கூடாது.

ஒரு இடத்தில் மட்டும் விலையைக் குறைக்கத்தான் வேண்டும். அது முடங்கிய சரக்கு. போன தீபாவளிக்கு எடுத்த சட்டை அலமாரியில் கிடக்கிறது. அந்தப் பணத்துக்கு நூற்றுக்கு 2 ரூபாய் மாத வட்டி என்றால் ஓராண்டில் 24 ரூபாய் வட்டியே தின்றுவிடும். 20 ரூபாய் நஷ்டத்துக்கு விற்றுப் பணமாக்கினாலும் அது லாபம்தான். ஓடுகிற சரக்கின் விலையைத் தொடாதீர்கள், ஓடாத சரக்கின் விலையைப் பார்த்துத் தயங்காதீர்கள். மந்தத்தில் கடைக்காரர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

விலையைக் குறைப்பதைவிட அளவைக் குறைப்பது நல்ல வழி. தமிழ்நாட்டு வியாபாரிகள் இதில் முன்னோடிகள். கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் தொழில் தொடங்கி, சிக் ஷாம்புப் பாக்கெட்டை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தார். பாட்டில் வாங்க முடியாதவர் ஒரு தலைக்குளியலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். கடைக்காரரும் இதைத் தானே செய்யலாம். விருதுநகரில் மூட்டையாக எடுக்கும் மல்லி, வத்தல், பருப்பை 50 கிராம், 100 கிராமாகப் பொட்டலம் போட்டு வைக்கலாம். ஆனால் ஒரு நியாயம் வேண்டும். சின்னப் பொட்டலம் வாங்குகிறவர் ஏழை. கிலோ விலைக்கும் பொட்டல விலைக்கும் உள்ள வித்தியாசம் காகிதத்துக்கும் உழைப்புக்கும் ஆகிற அளவோடு நிற்கட்டும். சின்னப் பாக்கெட்டே விற்காத மந்தமும் உண்டு. 2019 ஆகஸ்டில், 5 ரூபாய் பிஸ்கட் விற்பனை சரிகிறது, இப்படியே போனால் 10,000 பேர் வரை வேலை இழக்கலாம் என்று பார்லே நிறுவனமே சொன்னது. ஊர்க் கடைகளில் 5 ரூபாய் பாக்கெட் தேங்கினால் அது லேசான மந்தம் இல்லை.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். விற்பனை குறைவதால் மட்டும் கடைகள் மூடுவதில்லை. ரொக்கம் தீர்ந்து, கடனுக்குச் சரக்கு கொடுத்தவர் கையை விரிக்கிற அன்றைக்குத்தான் கடை மூடுகிறது. மேலே சொன்ன அதே மளிகைக் கடையில் 50,000 ரூபாய் பாக்கி எப்போதும் வெளியே நிற்கும். கூலி நின்ற மாதங்களில் அது 1,20,000 ஆகிறது. அந்த 70,000 ரூபாயும் கடைக்காரர் சரக்காகக் கொடுத்ததுதான். நோட்டில் லாபம் தெரியும், மொத்தக் கடைக்குக் கட்டக் கல்லாவில் பணம் இருக்காது. மொத்தக் கடைக்காரர் இரண்டு தவணை பொறுப்பார். மூன்றாம் தவணையில் “ரொக்கத்துக்குத்தான் சரக்கு” என்பார். அதற்குப் பிறகு அலமாரி காலியாகும். காலி அலமாரியைப் பார்த்து மிச்சமிருக்கும் ரொக்க வாடிக்கையாளரும் வேறு கடைக்குப் போய்விடுவார்.

இது சின்னக் கடைக்கு மட்டும் வருகிற நோய் இல்லை. இங்கிலாந்தில் வூல்வொர்த்ஸ் என்று ஒரு கடை வரிசை இருந்தது. 1909-ல் லிவர்பூலில் முதல் கடை திறந்து, நாடு முழுக்க 800-க்கும் மேற்பட்ட கடைவீதிகளில் நின்றது. 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. அதற்கு முன்பே வூல்வொர்த்ஸ் கடன் சுமையில் தள்ளாடிக்கொண்டிருந்தது. அவர்களுக்குக் கடனுக்குச் சரக்கு கொடுத்தவர்கள், பணம் வராவிட்டால் ஈடு கிடைக்கும் என்று காப்பீடு எடுத்து வைத்திருந்தார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் பின்வாங்கியதும் சரக்கு கொடுப்பவர்கள் ரொக்கம் கேட்டார்கள். கிறிஸ்துமஸ் சரக்கு எடுக்க வேண்டிய மாதத்தில் கையில் ரொக்கம் இல்லை. நவம்பர் கடைசியில் கடை வரிசை, நொடித்த நிறுவனங்களைக் கவனிக்கும் நிர்வாகிகள் கைக்குப் போனது. 2009 ஜனவரி 6 அன்று கடைசிக் கடைகளும் மூடின. நூறு ஆண்டை நெருங்கிய வியாபாரம், ஆட்கள் வந்துகொண்டிருந்தபோதே ரொக்கம் இல்லாமல் நின்றது.

அப்படியானால் பாக்கியே கொடுக்கக் கூடாதா? ஆமத்தூர் மாதிரி ஊரில் அது நடக்காது, நடக்கவும் கூடாது. வாரக் கூலிக்காரருக்குக் கடனில்லாமல் சோறில்லை. ஆனால் பழைய பாக்கியையும் புதுச் சரக்கையும் பிரித்து வைக்கலாம். “பழைய பாக்கி 4,000 இருக்கு. அது அப்படியே நிற்கட்டும், வட்டி கிடையாது. வேலை ஆரம்பிச்சதும் வாரம் நூறு நூறாக் கொடுங்க. இனிமே வாங்குறதை அன்னன்னைக்குக் காசு கொடுத்து வாங்கிக்கோங்க, கொஞ்சமா வாங்கினாலும் சரி” என்று சொல்லலாம். பாக்கிக்குப் பயந்து உங்கள் கடையைத் தாண்டி வேறு தெரு வழியாகப் போகிறவரை, இந்த ஒரு பேச்சு திரும்ப உங்கள் வாசலுக்குக் கொண்டுவரும். கொடுத்த நூறை அவர் கண் முன்னாலேயே நோட்டில் வரவு வைத்துக் காட்ட வேண்டும். இதை முகத்துக்கு நேரே, மரியாதையோடு, மற்றவர்கள் நிற்காத நேரத்தில் சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதே பேச்சை நீங்கள் மொத்தக் கடைக்காரரிடம் பேச வேண்டும், அதுவும் தவணை தவறுவதற்கு முன்னால். விருதுநகர் வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய்க்குப் பெரிய சந்தை. அந்த ஊர் விலை நிலவரம் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் தனியாக வரும் அளவுக்குப் பெரிய சந்தை. அங்கே கமிஷன் கடை வைத்திருப்பவர்கள் நல்ல காலமும் கெட்ட காலமும் பார்த்தவர்கள். பணம் தாமதமாவதை மன்னிப்பார்கள், போனை எடுக்காமல் இருப்பதை மன்னிக்க மாட்டார்கள். 40,000 கொடுக்க வேண்டிய தேதியில் 10,000 மட்டும் இருந்தால், அந்தப் பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். மீதிக்குத் தேதி சொல்லுங்கள். சொன்ன தேதியில் கொடுங்கள். வியாபாரத்தில் நாணயம் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். மந்த காலத்தில் சரக்கு குறைவாக இருந்தால் யாருக்குக் கொடுப்பார் என்று நினைக்கிறீர்கள்? தேதி சொல்லிக் காப்பாற்றியவருக்குத்தான்.

போகக் கூடாத ஒரு வாசலும் இருக்கிறது. தண்டல். 10,000 ரூபாய் கடன் என்று பெயர். 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். நூற்றுக்குப் பதினைந்துதானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசலும் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால், உண்மையான வட்டி ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும். ஓடுகிற வியாபாரத்தில் இரண்டு வாரச் சரக்குக்கு வாங்கி உடனே கட்டுகிறவர் தப்பிக்கலாம். விற்பனை சரிந்த மாதத்தில் வீட்டுச் செலவுக்கு வாங்கினவர் தப்பித்து நான் பார்த்ததில்லை. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் சட்டமே வந்தது. சட்டம் இருக்கிறது, தண்டலும் இருக்கிறது.

அரசின் உதவியிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி கடன் தவணைகளைத் தள்ளிப் போட அனுமதித்தது. தவணை தள்ளிப் போனது, வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. வட்டிக்கு வட்டியை மட்டும் 2 கோடி வரையான கடன்களுக்கு அரசு ஏற்றுக்கொண்டது. மே மாதம் சிறு தொழில்களுக்கு 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் அறிவித்தார்கள். ஏற்கனவே வங்கியில் உள்ள கடன் பாக்கியில் 20 சதவீதம் கூடுதலாகக் கொடுப்பது அந்தத் திட்டம். வங்கியில் கடனே இல்லாதவருக்கு, தண்டலிலும் கைமாற்றிலும் கடை நடத்தியவருக்கு, அதில் ஒன்றும் இல்லை. தள்ளுவண்டிக்காரர்களுக்கு ஜூனில் 10,000 ரூபாய் ஸ்வநிதி கடன் வந்தது. 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளையும் சிறு தொழில் பட்டியலில் சேர்த்தார்கள், வங்கிக் கடன் முன்னுரிமைக்காக மட்டும். அதனால் கடை போட்ட முதல் மாதமே, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்யுங்கள். விற்பனைப் பணத்தை வங்கிக் கணக்கு வழியாக ஓட்டுங்கள். கெட்ட காலத்தில் வங்கி உங்கள் முகத்தைப் பார்க்காது, கணக்கைத்தான் பார்க்கும்.

இதுவரை சொன்னது ஒரு கடைக்காரர் தனியாகச் செய்யக்கூடியது. தனியாகச் செய்வது போதாது என்பது என் தீர்மானமான எண்ணம். ஆமத்தூரில் ஜவுளிக் கடை மூடினால் மளிகைக் கடைக்கு என்ன என்று கேட்கலாம். சட்டை எடுக்க விருதுநகருக்கோ சிவகாசிக்கோ பஸ் ஏறுகிறவர், வரும்போது பருப்பும் எண்ணெயும் அங்கேயே வாங்கி வந்துவிடுவார். கடைவீதியில் ஒரு கடை மூடினால் மற்ற கடைகளுக்கு வருகிற ஆளும் குறையும்.

இந்த வட்டாரத்து வியாபாரிகள் இதை நூறு ஆண்டுக்கு முன்பே புரிந்துவைத்திருந்தார்கள். நாடார் வியாபாரிகள் தங்கள் பேட்டைகளில் விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமை என்று எடுத்துப் பொதுப் பணமாகச் சேர்த்தார்கள். வீட்டில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அந்தப் பணத்திலும் அரிசியிலும் எழுந்ததுதான், அன்றைக்கு விருதுபட்டி என்றிருந்த விருதுநகரின் சத்திரிய வித்தியாசாலை, 1889-ல். காமராஜர் படித்த பள்ளி அது. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி வந்தது, 1962-ல் அதன் பெயர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. நாடார் வங்கி வந்த காலத்தில்தான் மழை பொய்த்த சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசும், லேபிள் அச்சடிக்கப் போய் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. வானம் பார்த்த பூமியின் மந்தத்துக்கு அவர்கள் கண்ட பதில்தான் இன்றைக்கு நாம் பார்க்கும் சிவகாசி.

மகமை ஒரு சமூகத்துக்குள் நின்ற ஏற்பாடு. இன்றைக்கு அது கடைவீதி முழுக்கவும் வர வேண்டும். பூக்காரம்மா, இட்லிக் கடை அக்கா, பிரியாணிக் கடை பாய், செருப்பு தைப்பவர், எல்லாரும் அதில் இருக்க வேண்டும். நாற்பது கடை, கடைக்கு நாளுக்கு 20 ரூபாய் என்றால் ஓராண்டில் 2,92,000 ரூபாய். சங்கமாகப் பதிவு செய்து, வங்கியில் போட்டு, கணக்கைப் பலகையில் எழுதி வைத்தால், மந்தத்தில் ஒரு கடையின் சரக்குத் தவணைக்கு வட்டியில்லாமல் கைகொடுக்கலாம். தண்டல்காரர் நிற்கும் இடத்தில் சங்கம் நிற்கும்.

சேர்ந்து நின்றால் என்ன முடியும் என்பதற்கு எங்கள் தீப்பெட்டியே சாட்சி. 2007-ல் 50 பைசாவிலிருந்து 1 ரூபாய் ஆன தீப்பெட்டி பதினாலு ஆண்டு அங்கேயே நின்றது. சிவப்பு பாஸ்பரஸ், மெழுகு, அட்டை எல்லாம் விலை ஏறின. ஒருவர் தனியாக விலையை ஏற்றினால் அவர் சரக்கு மட்டும் நிற்கும். தீப்பெட்டிச் சங்கங்கள் சிவகாசியில் கூடிப் பேசி, 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாய் என்று முடிவு செய்தன. நாடு முழுக்க அந்த விலை நின்றது.

வெளிநாட்டிலும் ஒரு சின்ன ஊர் இதைக் கண்டுபிடித்திருக்கிறது. 1929-க்குப் பிறகு வந்த உலகப் பெருமந்தத்தில் ஆஸ்திரியாவின் வோர்கல் ஊரில் வேலை இல்லை, வரி வசூல் இல்லை. 1932 ஜூலையில் அந்த ஊர் மேயர் மிகைல் உன்டர்குகன்பெர்கர், நகராட்சி வேலைக்குக் கூலியாக உள்ளூர்ச் சீட்டு ஒன்றை வெளியிட்டார். மாதம் ஒன்றுக்கு அதன் மதிப்பு 1 சதவீதம் குறையும். அதனால் யாரும் பூட்டி வைக்கவில்லை. கூலிக்காரர் கடையில் கொடுத்தார், கடைக்காரர் வரி பாக்கி கட்டினார், நகராட்சி அதே சீட்டைக் கொடுத்து ரோடு போட்டது, பாலம் கட்டியது. 1933-ல் நாட்டின் மத்திய வங்கி அதைத் தடை செய்தது. நாம் சீட்டு அச்சடிக்க வேண்டியதில்லை, அடிக்கவும் முடியாது. காசு ஊருக்குள் கை மாறிக்கொண்டே இருந்தால் கடைவீதி உயிரோடு இருக்கும் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

தம்பிக்கு இவ்வளவும் சொல்லிவிட்டேன். இனிச் சொல்ல வேண்டியது கடை இல்லாதவர்களுக்கு, இதைப் படிக்கிற உங்களுக்கு. வாத்தியார், மின்வாரியத்தார், பென்ஷன் வாங்குகிறவர் என்று மாதச் சம்பளம் தவறாமல் வரும் வீடுகள் ஊர்க் கடைவீதிக்கு மந்த காலத்தில் பெரிய பலம். எந்த ஊரில் இருந்தாலும் சரி, உங்கள் தெருக் கடையின் நோட்டில் உங்கள் பெயருக்கு நேரே பாக்கி இருந்தால், வருகிற சனிக்கிழமை அதில் நூறு ரூபாயாவது வரவு வையுங்கள்.